சிவப்பு நீரில், நீலம் எண்ணெயில்

வாலிநோக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி: "உப்பளத்தில் முதலில் ஜிப்சம் படிகிறது, 25 டிகிரி போமே (உப்புநீரின் அடர்த்தி அளவு) வந்ததும் உப்பு இறங்குகிறது, கசப்பு நீர் மிஞ்சுகிறது. பழைய பேட்டரியிலுள்ள நிக்கலையும் கோபால்ட்டையும் இப்படியே பிரிக்கலாமே?"

முடியாது. கோபால்ட்டின் அணு எண் 27, நிக்கலுக்கு 28. ஏறக்குறைய ஒரே அளவு அயனி. வற்றவைத்தால் ஒன்றின் படிகத்துக்குள் மற்றது புகுந்துகொள்ளும்.

அதனால் எண்ணெயை நாடுகிறார்கள். பேட்டரித் தூளைக் கந்தக அமிலத்தில் கரைத்து, அமிலத்தைத் தணித்து இரும்பை வீழ்படிவாக்கி, டி2இஹெச்பிஏ என்ற கரைப்பானால் மாங்கனீசையும் துத்தநாகத்தையும் எடுத்துவிட்டால், மிஞ்சுவதில் முக்கியமானவை இந்த இரட்டையர்தான். இனி மண்ணெண்ணெயில் 10–20 சதவீதம் சயனெக்ஸ் 272 என்ற மற்றொரு கரைப்பானைக் கலந்து, பிஹெச் 5–5.5 அளவில் கரைசலோடு கலக்கித் தெளியவிட வேண்டும். மேலே எண்ணெய் கருநீலம், கீழே நீர் பச்சை!

நீரில் ஒவ்வொரு அயனியையும் ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும். கோபால்ட் இளஞ்சிவப்பு, நிக்கல் பச்சை. எண்ணெய்க்குள் போக அந்த நீரை உதற வேண்டும். கோபால்ட் எளிதாக உதறி, நான்கு ஆக்சிஜன்களுக்கு நடுவே நான்முகியாக உட்கார்ந்து நீலமாகிறது. நிக்கலின் எட்டு டி-எலெக்ட்ரான்களுக்கோ ஆறு பேர் சூழ்ந்த அமைப்பில்தான் ஆற்றல் லாபம். அதை விட்டு வராது. கரைப்பானின் கிளைவிட்ட கார்பன் சங்கிலிகளும் நெருக்கியடித்து, ஆறு பேருக்கு இடம் தருவதில்லை. 50–60 டிகிரிக்குச் சூடாக்கினால் நான்முகியின் கை இன்னும் ஓங்கும். பள்ளியில் பார்த்த கோபால்ட் குளோரைடு தாள் ஈரம் பட்டதும் நீலத்திலிருந்து சிவப்பாகுமே, அதே வித்தையின் மறுபக்கம் இது.

(கடலடி உலோகங்களையும் தேடும் இந்தியாவின் ஆழ்கடல் திட்டத்துக்கு 2021-இல் 4,077 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. அதன் நீர்மூழ்கிக்குக் கிடைக்கும் கைதட்டலில் பாதியாவது இந்த வேதியியலுக்கும் கிடைக்கலாம். கடலடி உருண்டைகளை மேலே கொண்டுவந்தாலும் அவற்றிலும் இதே இரட்டையர்தான்.)

ஒரு கோபால்ட் அயனி எண்ணெயில் ஏறினால் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் நீரில் இறங்கும். பிஹெச் சரியும், ஏற்றம் நின்றுபோகும். எனவே காஸ்டிக் சோடாவோ அம்மோனியாவோ சிறுகச் சிறுக விட வேண்டும். சுண்ணாம்பு விட்டால் ஜிப்சம் படியும். காரம் மிஞ்சினால் நிக்கல் ஹைட்ராக்சைடு பச்சைச் சகதியாகி இரண்டு அடுக்குக்கும் நடுவே தங்கும். வடிகட்டாத சிலிகாத் துகளும் அதே தொல்லையைத் தரும். எண்ணெயில் கோபால்ட்டை வழிய ஏற்றினாலோ, மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து வெல்லப்பாகு போலாகிவிடும், அடுக்கே பிரியாது.

எண்ணெயில் ஒட்டிவந்த சிறிது நிக்கலை நீர்த்த கோபால்ட் சல்பேட் கரைசலால் கழுவுவார்கள். கோபால்ட் ஏறி நிக்கலைக் கீழே தள்ளும். பிறகு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்தால் நீலம் வெளிறி, இளஞ்சிவப்பு நீராக இறங்கும். எண்ணெய் முதல் தொட்டிக்கே திரும்பும். நிக்கல் கரைசலில் தப்பிப்போன எண்ணெய்த் துளிகளைக் கிளர்வுற்ற கரியில் பிடிக்காவிட்டால், அடுத்து மின்பகுப்பில் படியும் நிக்கல் தகடு கெட்டுப்போகும்.