மின்னொளிப் போட்டி நடத்துகிறவர்களுக்கு: நடுராத்திரியில் செட்டைச் சுருக்காதீர்கள்

கோபி, பவானி, பெருந்துறைப் பக்கம் கோயில் நோம்பி என்றால் மின்னொளி வாலிபாலும் கூடவே வந்துவிடும். உடற்கல்வி ஆசிரியராகவும் நடுவராகவும் இந்தப் போட்டிகளில் நிற்கிற எனக்கு ஒரு கவலை உண்டு. மணி பன்னிரண்டைத் தாண்டியதும் விழாக்குழுவில் ஒருவர் வந்து, "சார், இன்னும் எட்டு டீம் இருக்குதுங்க. இனி 15 பாயிண்ட், ஒரே செட்டுன்னு வச்சுக்கலாங்களா?" என்பார். தயங்கினால், "அந்தக் காலத்துல 15 தானுங்களே!" என்று கூடவே ஒரு நியாயமும் வரும்.

அந்தக் காலத்து 15 வேறு, இந்த 15 வேறு. அப்போது சர்வீஸ் போடுகிற அணிக்கு மட்டும்தான் புள்ளி. ஒரு சர்வீஸ் போட்டதிலிருந்து பந்து விழுகிறவரை நடப்பது ஒரு ரேலி. அதை எதிரணி ஜெயித்தால் சர்வீஸ் மாறும், அவ்வளவுதான். நன்றாக ஆடும் அணிகளில், சர்வீஸை வாங்குகிற பக்கம்தான் அதிகம் ஜெயிக்கும். பத்துக்கு ஏழு என்று வையுங்கள். அப்படியானால் பத்து ரேலிக்கு மூன்று புள்ளிதான் விழும். 15-10 என்று ஒரு செட் முடிய எண்பதுக்கும் மேல் ரேலி ஆட வேண்டும். ஆட்டம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் 1998இல் சர்வதேசக் கூட்டமைப்பு ரேலிக்கு ஒரு புள்ளி, செட்டுக்கு 25, ஐந்தாவது செட்டுக்கு மட்டும் 15 என்று மாற்றியது. இன்றைக்கு 25-20 என்றால் 45 ரேலி. 15-10 என்றால் வெறும் 25 ரேலி. பழைய செட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இதில் அடிபடுவது நன்றாகப் பயிற்சி எடுத்து வந்த அணி. நூறு ரேலியில் 55ஐ ஜெயிக்கக்கூடிய அணி ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், மூன்றுக்கு இரண்டு செட், செட்டுக்கு 25 என்ற ஆட்டத்தில் அது ஜெயிக்க ஏறக்குறைய 85 சதவீதம் வாய்ப்பு. ஒரே செட், 15 புள்ளி என்றால் 70தான்.

நம் ஊர் ஆட்டத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இங்கே ரிசீவ், அதாவது எதிரணி சர்வீஸை எடுப்பது, பலவீனம். பந்தைச் சுழற்றிப் போடத் தெரிந்த பையன் ஒருவன் இருந்தால் தொடர்ந்து ஆறு புள்ளி எடுத்துவிடுவான். 25இல் ஆறு போனால் டைம் அவுட் கேட்டு, ரிசீவ் வரிசையை மாற்றி மீண்டு வரலாம். 15இல் ஆறு போனால் பாதி செட் போச்சு. அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தும் என்ன, அவன் கைக்குப் பந்து வந்தால்தானே! அப்புறம் பசங்களும் சர்வீஸை மட்டும் பழகுகிறார்கள், ரிசீவைத் தொடுவதில்லை. இதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

24-24 வந்தால் அடுத்த புள்ளியோடு முடித்துக்கொள்ளலாம் என்பதும் வேண்டாம். செட்டுக்கு 15 என்றிருந்த 1988இல் சர்வதேச விதியே 17 புள்ளியில் கட்டாயமாக நிறுத்திப் பார்த்தது. 17-16 என்றாலே வெற்றி. தீர்மானிக்கிற கடைசி செட்டுக்கு 1992இலேயே அதை எடுத்துவிட்டார்கள். இரண்டு புள்ளி வித்தியாசம் வரும்வரை ஆடுவதில்தான் கூட்டம் எழுந்து நிற்கும். 26-26இல் எதிரணி அடியை வலைமேலேயே தடுத்து ஒரு பிளாக் விழும்போது பெண்களும் பெரியவர்களும் கயிற்றுக்குப் பக்கத்தில் வந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தை வெட்டி மிச்சப்படுத்துவது ஐந்து நிமிடம்கூட இருக்காது.

நேரம் இடிக்கிறது என்பது உண்மை. அதற்கு வழி, டீம் எண்ணிக்கையைக் குறைப்பது. நுழைவுக் கட்டணம் வருகிறதே என்று வந்த எல்லா டீமையும் சேர்த்துக்கொண்டால் விடிகிறவரை முடியாது. இடமிருந்தால் இரண்டு கோர்ட் போடுங்கள், முதல் சுற்றைப் பகலிலேயே ஆரம்பியுங்கள். சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதல் சுற்றை மட்டும் சுருக்குங்கள், அதையும் 21க்குக் கீழே இறக்காதீர்கள். காலிறுதியிலிருந்து மூன்றுக்கு இரண்டு செட், முதல் இரண்டும் 25. எதை முடிவு செய்தாலும் நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுங்கள். டாஸ் போடுகிற நேரத்தில் நடுவர் வாயால் சொல்லவைக்காதீர்கள்.