டெனரின் தொண்டையில் நடப்பது என்ன?

1837 ஏப்ரல் 17 அன்று பாரிஸ் ஓபரா அரங்கில் ரொஸ்ஸினியின் இசைநாடகம் 'கியோம் டெல்'. அதில் டெனர், அதாவது உயர்ந்த ஆண்குரல், பாத்திரத்தில் பாடிய 30 வயது ஜில்பேர் துப்ரே, ஹை சி என்ற உச்ச சுரத்தை முழுக்குரலிலேயே எடுத்தார். அரங்கம் அதிர்ந்தது. அதுவரை அந்தப் பாத்திரத்தைப் பாடிவந்த அடோல்ஃப் நூரி, அவ்வளவு உயரத்தில் மென்மையான கள்ளக்குரலுக்கு மாறிக்கொள்வார். அதுதான் அன்றைய நாகரிகம். ரொஸ்ஸினிக்குப் புது முறை பிடிக்கவில்லை. கழுத்தறுபடும் சேவல் கத்துவது போல இருக்கிறது என்றாராம்.

துப்ரே 1825இல் பாரிஸில் அறிமுகமானபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இத்தாலிக்குப் போய்க் குரலை மாற்றிக்கொண்டு வந்தார். மாறியது நுரையீரலின் பலம் என்றே பலரும் நினைப்பார்கள். உண்மையில் மாறியது தொண்டையைப் பிடிக்கும் விதம்.

ஹை சிக்குக் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 520 முறை அதிர வேண்டும். கள்ளக்குரலில் அவற்றின் மெல்லிய ஓரங்கள் மட்டும் அதிரும். சரியாக மூடாததால், அடிச்சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் உயர் ஒலிகளான மேலொலிகள் வலுவிழந்துவிடும். முழுக்குரலில் நாண்கள் தடிமனாகவே இருந்து, ஒவ்வொரு அதிர்விலும் இறுக மூடி, காற்றைச் சட்டென்று வெட்டுகின்றன. மேலொலிகள் பெருகுவது அந்த வெட்டில்தான். நாணை இழுத்து நீட்டும் தசையும், நீளவிடாமல் தடிமனைக் காக்கும் தசையும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்ட வேண்டும்.

இதோடு நின்றால் கிடைப்பது வெறும் கூச்சல்தான். கத்தும்போது நம் குரல்வளை மேலேறும், வாய் அகலும். தேர்ந்த டெனரோ குரல்வளையைத் தாழ்த்தியே வைத்து, உயிரொலியைச் சற்று இருட்டாக்குகிறார். தொண்டைக்குழி நீண்டு, அதன் ஒத்ததிர்வுகள், அதாவது அது வலுப்படுத்தும் அதிர்வெண்கள், இடம் மாறுகின்றன. குரல்வளைக்கு மேலுள்ள குறுகிய குழாய் சரியாக அமைந்தால், உயர் ஒத்ததிர்வுகள் 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒன்றுகூடும். இசைக்குழுவின் ஆற்றல் 500 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் உச்சம். 3000இல் மிகக் குறைவு. நம் காதோ அங்கேதான் மிகக் கூர்மை. மைக் இல்லாமல் ஒற்றை மனிதக் குரல் அத்தனை வயலின்களைத் தாண்டி வருவது இப்படித்தான்.

லியோன் நகர மருத்துவர்களான திதேயும் பெத்ரெக்கேனும் 1840இலேயே இந்தத் தாழ்ந்த குரல்வளையைக் கவனித்து எழுதிவிட்டார்கள். உயிருள்ள மனிதரின் குரல்நாணைக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் முறையை மானுவல் கார்சியா கண்டது 1854இல்தான். அதை நினைத்தால், அவர்களின் கவனிப்பு அசாத்தியமானது.

தடித்த நாண்கள் நொடிக்கு 500 தடவைக்கு மேல் மோதினால் தேய்மானம் இல்லாமல் போகுமா? 1840களிலேயே துப்ரேயின் குரல் தளர்ந்தது. 1842 முதல் பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக்கல்லூரியில் ஆசிரியராகவும் இருந்தார். நூரியின் கதை இன்னும் கொடியது. துப்ரேயின் வரவோடு பாரிஸ் ஓபராவை விட்டு, இத்தாலியப் பாணியைக் கற்க நேபிள்ஸ் போனார். பழைய மென்குரல் நழுவியது, புதியது நிறைவு தரவில்லை. 1839 மார்ச்சில் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார்.