அட்டைக்குப் பின்னால் கொஞ்சம் பசை

தென்னாப்பிரிக்காவில் 2024 மே 29 தேர்தலில், ஆளுங்கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 40 சதவீத வாக்குகளோடு நின்றுவிட்டது. 1994க்குப் பிறகு முதல் தடவையாகப் பெரும்பான்மை போனது. நேற்றுவரை எதிரியாக இருந்த ஜனநாயகக் கூட்டணி என்ற கட்சியையும் சேர்த்துக்கொண்டு அரசு அமைத்தார்கள். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் ஒரு வாசகியின் அண்ணன் முப்பது வருடக் காங்கிரஸ்காரர். அந்த எதிர்க்கட்சிக்காரன் நிழல்கூட நம் வாசலில் படக்கூடாது என்றவர், ஒரே மாதத்தில் "நல்ல ஏற்பாடு, நான் எப்போதுமே இதைத்தான் சொல்லிவந்தேன்" என்கிறாராம். அண்ணன் பொய் சொல்கிறாரா என்று வாசகி கேட்கிறார்.

இல்லை, மனமாரத்தான் சொல்கிறார்.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்து லார்ஸ் ஹாலும் பெட்டர் யோஹான்சனும் 2012இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு அலுக்காத ஒன்று. வழிப்போக்கர்கள் 160 பேரிடம் அட்டையில் செருகிய கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். மின்னஞ்சலையும் இணையத்தையும் அரசு பெருமளவில் கண்காணிப்பதை அனுமதிக்கலாமா என்பதுபோன்ற கருத்துகள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உடன்பாடு என்று எண் இட வேண்டும். முதல் பக்கத்தில் சில வரிகள் மட்டும் தனித் துண்டாக லேசாக ஒட்டப்பட்டிருந்தன. அட்டையின் முதுகில் பசை. பக்கத்தைப் பின்னால் மடக்கியதும் துண்டு அங்கே ஒட்டிக்கொள்ளும். திருப்பினால் அடியிலிருந்த எதிர்க்கருத்து மேலே வந்திருக்கும். "அனுமதிக்க வேண்டும்" என்றிருந்த இடத்தில் "தடை செய்ய வேண்டும்". அவர் இட்ட எண் மட்டும் அப்படியே!

அவர்களையே வாசிக்கவைத்து, ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று விளக்கச் சொன்னார்கள். மாற்றிய இரண்டு கருத்துகளில் ஒன்றையாவது தம்முடையதென்று ஏற்றவர்கள் 69 சதவீதம். பாதிக்கு மேற்பட்டோர் சற்றுமுன் தாங்களே எடுத்த நிலைக்கு நேர் எதிராக உற்சாகமாக வாதாடினார்கள். நம்மிடம் கருத்து முன்பே நிற்கிறது. அதற்கான காரணம்தான், யாராவது கேட்ட பிறகு தயாராகிறது. பசைக்கும் காகிதத்துக்கும் ஆன செலவில் டர்பனில் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சாவ் சில வாங்கியிருக்கலாம். கோடிக்கணக்கான ராண்டுக்கு மூளையைப் படமெடுக்கும் இயந்திரம் கேட்போருக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

அங்கே கருத்தை மாற்றியது பசை. அண்ணனிடம் மாற்றியது எது? அமெரிக்காவில் ஜெஃப்ரி கோஹன் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தம் கட்சி ஆதரிக்கிறது என்று சொல்லப்பட்ட நலத்திட்டத்தை, அது தாராளமானதோ கடுமையானதோ, ஆதரித்தார்கள். கட்சிக்காகவா என்று கேட்டால் இல்லவே இல்லை, திட்டத்தைப் படித்துத்தான் முடிவு செய்தோம் என்றார்கள். "நம்ம ஆட்கள்" என்ற ஒட்டுதல் அவ்வளவு பலமானது. முப்பது வருடமாக ஒரே பந்தலில் நின்றவருக்குக் கொள்கையை விடுவது எளிது, பந்தலை விடுவதுதான் கடினம். வேட்பாளர் வாசலில் எலுமிச்சை கட்டி வெற்றியை வரவழைப்பவர்களைப் பார்த்து நாம் சிரிப்பதும் நம்முடைய ஒரு பந்தலுக்குள் நின்றுகொண்டுதான்.

அண்ணனின் பழைய வாட்ஸ்ஆப் குரல்பதிவைப் போட்டுக் காட்டலாமா என்றும் வாசகி கேட்டிருந்தார். காட்டலாம். "அப்போது நான் சொன்னதன் அர்த்தமே வேறு" என்பார். என் மைத்துனரிடம் காட்டிப் பார்த்தாயிற்று.