வீட்டிலிருக்கும் துவக்கு: வன்னிக் குடும்பங்களுக்கு ஒரு சட்ட வைத்திய அதிகாரி எழுதுவது

வன்னியில் துவக்கு பெரும்பாலும் பயிரைக் காப்பதற்காகவே வீட்டுக்குள் வந்தது. முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கங்களில் வயலும் தோட்டமும் காட்டின் ஓரத்திலேயே கிடப்பதால், ஒரே இரவில் கச்சானையும் மரவள்ளியையும் கிளறிவிட்டுப் போகும் காட்டுப்பன்றிக்கு எதிராக ஒரு துவக்கேனும் இருக்கவேண்டும் என்று விவசாயி நினைப்பதில் வியப்பில்லை. அப்படி வந்த துவக்குகளில் சில, காலப்போக்கில் குடும்பத்தின் பெருமைக்குரிய பொருளாகி, தகப்பன் எண்ணெய் பூசித் துடைப்பதை மகன் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகும் அளவுக்கு ஆசையோடு பேணப்படுகின்றன. இவற்றுக்கு அப்பால், போர் விட்டுப்போன ரவைகளையும் கோதுகளையும் பொறுக்கி அலுமாரியில் அடுக்கிவைக்கும் பழக்கமும் இளைஞர் சிலரிடம் உண்டு.

காயங்களையும் மரணங்களையும் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பது என் தொழில். துவக்குக் காயங்களில் என்னை மிகவும் வருத்துபவை, துவக்கு வெறுமையாக இருக்கிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த வேளையில் நேர்ந்தவை. அதனால் வீட்டில் ஆயுதம் வைத்திருக்கும் எவரிடமும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: அது வெறுமையாக இருக்கிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்து உறுதிசெய்ய முடியுமா? முடியாது என்றால், அந்தப் பொருள் வீட்டில் இருக்கக்கூடாது என்பதே என் முடிவான கருத்து.

உரிமம் பெற்ற ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துவக்குகளில் இதை உறுதிசெய்வது எளிது. நடுவில் மடித்துத் திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டு, குழலுக்குள்ளால் வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கத்திலிருந்து பார்க்கலாம். வளவுக்குள் நுழையுமுன் இதைச் செய்து, துவக்கை ஓரிடத்தில் பூட்டி, தோட்டாக்களை வேறோரிடத்தில் பூட்டி, இரு திறப்புகளையும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் வைத்திருந்தால், வீட்டுக்குள் நேரும் விபத்துகளில் பெரும்பகுதிக்கு இடமே இருக்காது. நடைமுறையில் நான் கேள்விப்படுவது வேறு. இரவு பன்றி வந்தால் உடனே எடுக்கவேண்டும் என்பதற்காகத் தோட்டா போட்ட துவக்கு கதவு மூலையில் சாத்தப்படுகிறது. வெளியே குதிரை (விசையை இழுத்ததும் அடித்து வெடிக்கச் செய்யும் சுத்தியல்) தெரியும் பழைய துவக்குகள் பலவற்றில் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. அவை சரிந்து விழுந்து குதிரையில் அடிபட்டாலே வெடிக்கக்கூடும்.

காவல் பரணில் ஏறும் பொழுது இன்னும் ஆபத்தானது. மேலே ஏறியவர் கீழே நிற்பவரிடமிருந்து துவக்கைக் குழல் வாயில் பிடித்து இழுக்கும்போது, விசை கொப்பிலோ உடுப்பிலோ சிக்கினால், அது வெடிப்பது இழுப்பவரின் அக்குளுக்கும் நெஞ்சுக்கும் நேராகத்தான். அதனால் பரணில் ஏறுமுன்னும் வேலி கடக்குமுன்னும் தோட்டாவைக் கழற்றிவிட வேண்டும்.

சிறு சன்னங்கள்தானே, பறவைக்குப் போடும் வெடிதானே என்று சிலர் இதை இலேசாக எடுப்பதுண்டு. தூரத்தில் சிதறிப் பாயும் சன்னங்கள், ஒரு மீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் பெரும்பாலும் ஒரே கட்டியாகவே உடலுக்குள் நுழைகின்றன. தோட்டாவுக்குள் மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையில் இருக்கும் அடைப்பும் கூடவே உள்ளே போகிறது. வீட்டுக்குள் நடக்கும் வெடிகள் ஏறத்தாழ எல்லாமே அந்தத் தூரத்துக்குள் அடங்கிவிடுவதால், சன்னத்தின் அளவு அங்கே எவரையும் காப்பாற்றாது.

துவக்கை ஆசையோடு பேணுபவர்கள் வெளிப்புறத்தை மினுக்குவதில் காட்டும் அக்கறையைக் குழலின் உட்புறத்திலும் காட்டவேண்டும். மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் குழலுக்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். அந்த அடைப்போடு சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடித்துப் பிளக்கும், அதைத் தாங்கியிருக்கும் இடக்கை விரல்கள் போய்விடும். கரிமருந்து எரிந்த பின் குழலில் தங்கும் உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால், மாரி காலத்தில் ஒரு கிழமைக்குள் குழல் உள்ளே அரிக்கத் தொடங்கும். எண்ணெய் பூசுவது மட்டும் அதைத் தடுக்காது, முதலில் சுடுநீரால் கழுவி, நன்றாகக் காயவிட்ட பின்னரே எண்ணெய் பூசவேண்டும். தோட்டாவின் நீளத்தைப் பலர் பார்ப்பதேயில்லை. பழைய ஐரோப்பியத் துவக்குகள் பலவற்றில் தோட்டா அமரும் அறை 65 மில்லிமீற்றர் நீளமானது. இப்போது கிடைக்கும் 70 மில்லிமீற்றர் தோட்டாவும் அதற்குள் அமைதியாக அமர்ந்துவிடும். ஏனெனில் அந்த நீளம் சுட்டபின் விரிந்த கோதின் நீளமாகும். சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் கூடிவிடுகிறது. இலக்கம் என்பது குழலின் அகலத்தைக் குறிப்பது, அது கூடக் கூடக் குழல் ஒடுங்கும்; 12 இலக்கத் துவக்கில் தவறுதலாக 20 இலக்கத் தோட்டா விழுந்தால் அது வழுக்கி முன்னால் போய்ச் சிக்கிக்கொள்ளும். தோட்டா போடவில்லை என்று நினைத்துப் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுடுபவரின் கையிலேயே குழல் வெடிக்கும். 20 இலக்கத் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வதற்கு இதுவே காரணம். குழலில் குழியோ வீக்கமோ வெடிப்போ தெரிந்தால் ஊர்ப் பட்டறையில் ஒட்டவைக்காமல், சுடுவதை நிறுத்திவிட வேண்டும்.

இடியன் துவக்கு என் கேள்விக்கு விடை தராத ஆயுதம். மருந்தும் சன்னமும் முன்வாயால் இடித்து இறுக்கப்படுவதால் திறந்து பார்க்க வழியில்லை. இடிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டு, அது அடிவரை இறங்குகிறதா என்று வெளியே அளந்து பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். அதைச் செய்யும் கை குழல் வாய்க்கு நேராகவே இருக்கும் என்பதால் அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இறுக்கிய மருந்தை வெளியே எடுக்க இலகுவான வழி சுடுவது ஒன்றுதான். எனவே வேட்டை கிடைக்காமல் திரும்பியவர் அதை அப்படியே கூரைக்குள் செருகிவிடுகிறார்; மாதங்கள் கழித்து, வீடு வேயும்போதோ பிள்ளைகள் எதையோ தேடும்போதோ, எவருக்கும் நினைவில்லாத அந்த மருந்து கீழே இறங்குகிறது. நீர்க்குழாயில் செய்த குழல் அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதும் அல்ல. உரிமமில்லாத இடியன் துவக்கை வைத்திருப்பது குற்றம் என்பதை நான் சொல்லித்தான் எவரும் அறியவேண்டும் என்றில்லை. அது தன் சொந்தக்காரனைத் தேடிவரும் ஆயுதம் என்பதை அந்தக் குடும்பங்கள் அறியவேண்டும் என்றே விரும்புகிறேன்.

கட்டுத்துவக்கைப் பற்றி நான் பொறுமையாக எழுதுவது கடினம். மருந்து நிறைத்து, ஆளில்லாமல், பன்றியின் உயரத்துக்குக் குறிவைத்துக் கயிறு கட்டப்படும் அந்தத் துவக்கு, விறகுக்கும் தேனுக்கும் மாடு தேடியும் காட்டுக்குப் போகிறவர்களின் முழங்காலையும் கெண்டையையும் தாக்குகிறது. கட்டியவரே இருட்டில் மறந்து தன் கயிற்றில் தடக்கி விழுவதும் உண்டு. சன்னத்துக்குப் பதிலாக இரும்புத் துண்டுகள் நிரப்பப்படுவதால் எலும்பு நொறுங்கி, மண்ணும் தும்பும் சீலைத் துண்டும் தசைக்குள் ஆழப் புதைந்துவிடுகின்றன. எந்தப் பன்றிக்காகவும் இதைக் கட்டக்கூடாது.

அப்படி ஒருவர் காயப்பட்டால், காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து இரு கைகளாலும் விடாமல் அழுத்திப் பிடிப்பதுதான் முதல் வேலை. கோப்பித்தூள், சாம்பல், பச்சிலை எதுவும் போடவேண்டாம். அழுத்தியும் இரத்தம் பாய்ந்துகொண்டே இருந்தால் மாத்திரம், காயத்துக்குச் சற்று மேலே, உடலை நோக்கிய பக்கத்தில், அகலமான சீலையால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள். எப்படியாயினும் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கயிறும் வயரும் தசையை வெட்டும் என்பதால் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம். பொலிஸுக்குப் பயந்து, கம்பி குத்தியது என்றும் கல்லில் விழுந்தது என்றும் சொல்பவர்களை நான் அடிக்கடி காண்கிறேன். கதிர்ப்படம் உண்மையைக் காட்டிவிடும். அதற்குள் போகும் மணித்தியாலங்கள்தான் காலைப் பறிக்கின்றன. ஏற்பு ஊசியும் நுண்ணுயிர்க் கொல்லி மருந்தும் தாமதமின்றிப் போடப்பட்டு, இறந்த தசை சத்திரசிகிச்சையில் அகற்றப்பட வேண்டும். அதன்பின் காயத்தைத் தைக்காமல் சில நாட்கள் திறந்தே விடுவதைக் கண்டு உறவினர்கள் கோபப்படுவதுண்டு; மண் புகுந்த காயத்தை உடனே தைத்து மூடினால் உள்ளே காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள் தசையை அழுகச் செய்யும் என்பதாலேயே அப்படி விடுகிறார்கள்.

காயம் ஆறிய பின்னும் கவனிக்க வேண்டியவை இரண்டு உண்டு. தசைக்குள் தங்கிய ஈயச் சன்னத்தைச் சுற்றி உடல் ஓர் உறையைக் கட்டிவிடும், ஆனால் மூட்டுக்குள் தங்கியது மூட்டு நீரில் மெல்லக் கரைந்து இரத்தத்தில் ஈயத்தைச் சேர்க்கக்கூடும். ஆதலால் அது அகற்றப்பட வேண்டும். இரும்புத் துண்டு உடலில் தங்கியிருப்பவர், பிற்காலத்தில் எம்ஆர்ஐ பரிசோதனைக்குப் போகும்போது அதைக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனெனில் அந்தப் பொறியின் காந்தம் உள்ளிருக்கும் இரும்பை அசைக்கவல்லது. போரில் பட்ட செல் துண்டுகளோடு வாழ்கின்ற எங்கள் மக்களுக்கும் இது பொருந்தும்.

போரின் மிச்சங்களைச் சேகரிப்பவர்களிடமும் நான் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். 2009க்குப் பின் கண்ணிவெடி அகற்றுவோர் புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், முகமாலை எங்கும் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். ஆயினும் கிணறு வெட்டும்போதும் காணி துப்புரவாக்கும்போதும் வெடிபொருட்கள் இன்னமும் வெளிவருகின்றன. சுடப்பட்டும் வெடிக்காமல் விழுந்த 40 மில்லிமீற்றர் குண்டு, சிறுபிள்ளையின் கைக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருள் போலவே தோன்றும். அதன் வெடிப்பி எந்த நிலையில் நிற்கிறது என்பதை வெளியே பார்த்து எவராலும் சொல்ல முடியாது. பித்தளைக்காக ரவைகளை நெருப்பில் போடுவது கண்ணையும் கையையும் பணயம் வைப்பதாகும். கண்டால் தொடாமல், இடத்தை அடையாளப்படுத்தி, பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். நினைவுக்காக வைத்திருக்கிறேன் என்பவரின் உணர்வை நான் மதிக்கிறேன், எனினும் உயிருள்ள ரவை ஒன்று வீட்டில் இருப்பதே சட்டப்படி வழக்குக்குப் போதுமானது.

இன்னொரு விடயம் எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். வீட்டில் ஒருவர் தாங்க முடியாத துயரத்திலோ கடும் குடியிலோ கடன் நெருக்கடியிலோ இருக்கும் காலத்தில், துவக்கு அந்த வீட்டில் இருக்கக்கூடாது. கடுமையான நஞ்சுள்ள பூச்சிகொல்லிகளை நாடு தடைசெய்த பின் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்ததை இலங்கையில் நாங்கள் கண்டிருக்கிறோம். கைக்கெட்டும் தூரத்தில் கருவி இல்லாமற்போனால், அந்த நேரத்தைக் கடந்து உயிர் பிழைத்துவிடுகிறவர்கள் பலர். பொலிஸ் நிலையத்தோடு பேசி அங்கே ஒப்படைத்து வைக்கலாம், பிறகு எடுத்துக்கொள்ளலாம். 1926 இலக்கத்தில் தேசிய மனநல உதவிச் சேவையை எந்நேரமும் அழைத்துப் பேசலாம்.

கடைசியாக, தகப்பனின் துவக்கு. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்படும் உரிமம் ஆளுக்குரியது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. அவர் இறந்தால் காணியும் வீடும் போல அது பிள்ளைக்குத் தானாக வந்துசேராது. அந்தியேட்டி முடிந்து ஆறுதலாகப் பார்க்கலாம் என்று விடப்படும் துவக்குகள், பல ஆண்டுகள் கழித்து உரிமமில்லாத ஆயுதமாகப் பிடிபட்டு, நேர்மையான குடும்பங்களை நீதவான் முன் நிறுத்துகின்றன. அது இன்னும் வேலை செய்கிறதா என்று சுட்டுப் பார்க்கவேண்டாம். தகரப் பெட்டிக்குள் வீங்கிக் கிடக்கும் பழைய தோட்டாக்களைப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். முதலில் பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்து, அவர்களே வந்து எடுப்பார்களா அல்லது எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். முன்னறிவிப்பின்றி மோட்டார் சைக்கிளில் சாக்குக்குள் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். ஒப்படைத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்கி, மரணச் சான்றிதழின் பிரதியோடும் பழைய உரிமத்தோடும் மாவட்டச் செயலகத்துக்குப் போனால், உங்கள் பெயரில் விண்ணப்பிப்பதா, முற்றாகக் கையளித்துவிடுவதா என்பதை அங்கே பேசித் தீர்மானிக்கலாம்.