கட்சி முதலில், கருத்து அப்புறம்

ஏழைகளுக்கான அரசு உதவித் திட்டம் ஒன்றை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார் ஜெஃப்ரி கோஹன் என்ற உளவியலாளர். 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வு அது. திட்டத்துக்கு இரண்டு வடிவங்கள் இருந்தன. ஒன்று தாராளமாக உதவி தருவது, இன்னொன்று கையை இறுக்கிப் பிடிப்பது. ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாயும் தாராளவாத மாணவர்களுக்கு முதலாவது பிடித்தது, குடியரசுக் கட்சிப் பக்கம் சாயும் பழமைவாத மாணவர்களுக்கு இரண்டாவது. இதில் வியப்பு எதுவும் இல்லை. ஆனால் எந்தக் கட்சி இதை ஆதரிக்கிறது என்று ஒரு வரி சேர்த்ததும் கதை மாறியது. தங்கள் கட்சி ஆதரிக்கிறது என்றால், இறுக்கமான திட்டத்தையும் தாராளவாதிகள் ஏற்றார்கள். தாராளமான திட்டத்தைப் பழமைவாதிகளும் ஏற்றார்கள். கட்சியைப் பார்த்தா முடிவெடுத்தீர்கள் என்று கேட்டபோது, திட்டத்தைப் படித்துத்தான் முடிவெடுத்தோம் என்றார்கள். எதிரணிக்காரர்கள்தான் கட்சிப் பெயரைப் பார்த்து மயங்குவார்கள் என்றும் நம்பினார்கள்.

அரசியல் பிளவு என்றாலே கருத்து மோதல் என்றுதான் நினைக்கிறோம். அதனால் ஆதாரங்களை அடுக்குகிறோம், வாதாடுகிறோம், கடைசியில் களைத்துப்போகிறோம். கருத்து மோதல் உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் 'நாம்', 'அவர்கள்' என்ற வேறொரு பிரிவு ஓடுகிறது. ஆய்வாளர்கள் இதை உணர்வுப் பிளவு என்கிறார்கள். உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரைத் திருமணம் செய்தால் வருந்துவீர்களா என்று 1960இல் அமெரிக்கர்களிடம் கேட்டபோது, ஆம் என்றவர்கள் இரு கட்சிகளிலும் சுமார் 5 சதவீதம்தான். 2010இல் கேள்வியின் சொற்கள் கொஞ்சம் மாறியிருந்தன. ஆனாலும் குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழ பாதிப் பேரும், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவரும் ஆம் என்றார்கள். பல கொள்கைகளில் சாதாரண மக்களின் கருத்துகள் இவ்வளவு தூரம் விலகிப் போய்விடவில்லை. மனிதர்கள்தான் விலகிப் போனார்கள்.

இந்த 'நாம்' உருவாகப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. 1970ஐ ஒட்டி ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தில் 14, 15 வயதுப் பள்ளிச் சிறுவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். உனக்கு இந்த ஓவியரின் படம் பிடித்திருக்கிறது, அதனால் நீ இந்தக் குழு என்று சொன்னார். உண்மையில் அது வெறும் குலுக்கல். தன் குழு எது என்று மட்டும் ஒவ்வொரு சிறுவனுக்கும் தெரியும், அதில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுகூடத் தெரியாது. அப்புறம், பெயர் இல்லாமல் எண்ணும் குழுவும் மட்டும் காட்டி, மற்றவர்களுக்குப் பணமாக மாற்றக்கூடிய புள்ளிகளைப் பகிர்ந்து கொடுக்கச் சொன்னார். தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது. அப்படியும் தன் குழுவுக்கே அதிகம் கொடுத்தார்கள். என்னை உறுத்துவது அடுத்த விஷயம்தான். தன் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவைவிட அதிகமாக இருந்தால் போதும் என்று பலர் தேர்ந்தெடுத்தார்கள். வேற்று நாட்டைச் சேர்ந்தவர்களோ முன்பகை உள்ளவர்களோ இல்லை, ஒரே பள்ளியின் மாணவர்கள்.

இப்படிப் பிரிந்தபின் எதிரணியைப் பற்றிய படம் மனதில் வீங்கிக்கொண்டே போகிறது. டக்ளஸ் ஆஹ்லரும் கௌரவ் சூடும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், குடியரசுக் கட்சியினரில் 38 சதவீதம் பேர் ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் என்று அமெரிக்கர்கள் சராசரியாக மதிப்பிட்டார்கள். உண்மையில் 2 சதவீதம். நாம் யாரோடு சண்டை போடுகிறோமோ அந்த ஆளில் பெரும்பகுதி நம் கற்பனை.

சரி, எதிர்த்தரப்பின் பேச்சைக் காதில் போட்டால் போதுமா? சமூகவியலாளர் கிறிஸ் பெய்லின் குழு அதையும் சோதித்தது. ஒரு மாதம் ட்விட்டரில் எதிரணியின் பதிவுகளைப் பார்க்க வைத்தார்கள். குடியரசுக் கட்சியினர் இன்னும் பழமைவாதிகளானார்கள். ஜனநாயகக் கட்சியினரிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. குரலை மட்டும் கேட்பது பகையைக் குறைக்கவில்லை.

நேரில், ஒழுங்குபடுத்திய சூழலில் சந்தித்தால் நிலைமை வேறு. 2019இல் ஜேம்ஸ் ஃபிஷ்கினும் உடன் ஆய்வாளர்களும் டாலஸ் நகருக்கு அருகே 500க்கும் மேற்பட்ட வாக்காளர்களை ஒரு வாரயிறுதிக்குக் கூட்டினார்கள். இரு தரப்பு வாதங்களும் அடங்கிய குறிப்பேடு, நடுவருடன் சிறு குழுக்கள், நிபுணர்களிடம் கேள்வி கேட்கும் வாய்ப்பு. மிகவும் பிளவுபட்டிருந்த முன்மொழிவுகளில் பெரும்பாலானவற்றில் இரு தரப்பும் நெருங்கி வந்தன, ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த கசப்பும் குறைந்தது. 2024இல் வெளியான இன்னொரு பேராய்வில் 32,000 பேரிடம் 25 வழிகளைச் சோதித்ததில், 23 வழிகள் வெறுப்பைக் குறைத்தன. ஆனால் நாளாக ஆக அந்த விளைவு தேய்ந்தது. வெறுப்பு குறைந்ததால் மட்டும், தன் கட்சி ஜனநாயக விதிகளை மீறுவதை மக்கள் எதிர்க்கத் தொடங்கிவிடவும் இல்லை. இந்த எல்லையை மறைக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பொதுத்தளம் என்றால் இரண்டு கருத்துகளுக்கும் சரிபாதியில் போய் நிற்பது என்று நான் நினைக்கவில்லை. ஒருவர் மற்றவரின் உரிமையைப் பறிக்கச் சொன்னால், பாதி உரிமை என்பது நியாயமான தீர்வு ஆகாது. கருத்தை விட்டுக்கொடுக்காமலே எதிரிலிருப்பவரோடு பேச முடிகிறதா என்பதுதான் என் கேள்வி.

அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று மயாமியில் இருக்கிறது. டேவிட் புரூக்மனும் ஜோஷுவா கல்லாவும் 2016இல் வெளியிட்ட ஆய்வு. இதே துறையில் வந்த வேறொரு ஆய்வின் தரவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று கண்டுபிடித்து, அது திரும்பப் பெறப்படக் காரணமானவர்களில் இவர்களும் உண்டு. அதனால் இவர்களின் முடிவை நான் கூடுதல் நம்பிக்கையோடு பார்க்கிறேன். தன்னார்வலர்கள் வாக்காளர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, திருநர்களைப் பற்றிச் சுமார் 10 நிமிடம் பேசினார்கள். பேச்சில் கேள்விகளும் இருந்தன. நீங்கள் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருந்ததால் உங்களை யாராவது மட்டமாக நினைத்ததுண்டா? அப்போது எப்படி இருந்தது? வீட்டுக்காரர் தன் கதையைச் சொன்னார், வந்தவரும் தன் கதையைச் சொன்னார். திருநர்கள்மேல் இருந்த வெறுப்பு குறைந்தது. மூன்று மாதம் கழித்து அளந்தபோதும் அந்த மனமாற்றம் நிலைத்திருந்தது.

எது வேலை செய்தது? 2020இல் வெளியிட்ட ஆய்வுகளில் இருவரும் உரையாடலைப் பிரித்துப் பார்த்தார்கள். சில வீடுகளில் வாதங்களும் கதைகளும் இருந்தன. சில வீடுகளில் கதைகளை எடுத்துவிட்டு வாதங்களை மட்டும் வைத்தார்கள். வாதம் மட்டும் கேட்ட வீடுகளில் கண்டறியும்படியான மாற்றம் எதுவும் நடக்கவில்லை.