எஸ்ஈலினக்ஸை அணைக்கும் முன்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய நிறுவனத்தின் வெப் சர்வரைப் பார்க்கப் போயிருந்தேன். எந்தச் சர்வரிலும் நான் முதலில் பார்ப்பது, லினக்ஸின் கூடுதல் காவல் அமைப்பான எஸ்ஈலினக்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான். இங்கே பெர்மிஸிவ். அதாவது ஜாகா இருக்கிறார், யார் அத்துமீறினாலும் புத்தகத்தில் எழுதுகிறார், ஆனால் ஒருவரையும் தடுப்பதில்லை. "வெப்சைட்ல படம் வரல அண்ணே. முன்ன இருந்தவரு இப்படி மாத்துனாரு, வந்துருச்சு" என்றார் அங்கிருந்த தம்பி.

நம்ம ஊர் கொண்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாவிக்கு நகல் எடுத்து யாருக்கும் கொடுக்கலாம், உங்கள் இஷ்டம். லினக்ஸின் வழக்கமான கோப்பு அனுமதி அந்த மாதிரி. லிஃப்ட் கார்டு அப்படியல்ல. எந்தக் கார்டுக்கு எந்த மாடி என்பதை மேனேஜ்மென்ட் ஆபீஸ்தான் முடிவு செய்யும். 2003-இல் லினக்ஸ் 2.6 கெர்னலோடு வந்த எஸ்ஈலினக்ஸ் இந்த ரகம். வெப் சர்வர் மென்பொருளான அப்பாச்சியின் ஓட்டை வழியே ஒருவன் நுழைந்து, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் ஆகவே ஆகிவிட்டாலும், அப்பாச்சிக்கென்று போட்ட எச்டிடிபிடி_டி என்ற வட்டத்துக்குள் இருக்கும்வரை, பாஸ்வேர்டு விவரங்கள் உள்ள ஷேடோ கோப்பைப் படிக்க முடியாது.

சரி, படம் ஏன் வரவில்லை? ஜாகாவின் புத்தகத்திலேயே, அதாவது ஆடிட் லாகிலேயே, பதில் இருந்தது. யாரோ படங்களை ஹோம் ஃபோல்டரில் ஏற்றி, எம்வி கட்டளை போட்டு வெப் ஃபோல்டருக்கு நகர்த்தியிருக்கிறார்கள். எஸ்ஈலினக்ஸ் ஒவ்வொரு கோப்பிலும் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்துத்தான் யார் படிக்கலாம் என்று முடிவு செய்யும். எம்வி பழைய லேபிளையும் கூடவே தூக்கிக்கொண்டு வரும். நகலெடுக்கும் சாதாரண சிபி போட்டிருந்தால் புது இடத்தின் லேபிள் கிடைத்திருக்கும். லேபிளைச் சரிசெய்யும் ரீஸ்டோர்கான் கட்டளையை ஒருமுறை ஓட்டினேன், தீர்ந்தது.

"ஆடிட்2அலோ போட்டுடலாம்னு நெனச்சேன் அண்ணே" என்றார் தம்பி. நல்லவேளை போடவில்லை. லாகில் உள்ளதை அப்படியே அனுமதியாக்கித் தரும் கருவி அது. போட்டிருந்தால், அந்த மெஷினில் உள்ள எல்லாருடைய ஹோம் கோப்புகளையும் வெப் சர்வர் படிக்க எஸ்ஈலினக்ஸே வழிவிட்டிருக்கும். (உபுண்டு லினக்ஸில் இதே காவல் வேலையைச் செய்யும் ஆப்ஆர்மர் லேபிளைப் பார்க்காது, கோப்பின் பாதையைத்தான் பார்க்கும். அங்கே இந்த எம்வி வம்பு கிடையாது.)

அத்துமீறலைத் தடுக்கவும் செய்யும் என்ஃபோர்ஸிங் நிலைக்கு மாற்றியதும் அடுத்த மக்கர்: வேறு மெஷினில் இருக்கும் டேட்டாபேஸை வெப்சைட்டின் பிஎச்பி நிரல் எட்டவில்லை. அதற்கென்றே எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்_டிபி என்ற பூலியன், அதாவது ஆன்/ஆஃப் ஸ்விட்ச், இருக்கிறது. அதை மட்டும் ஆன் செய்தோம். அதை மாற்றும் செட்செபூல் கட்டளையோடு மைனஸ் பெரிய பி (-P) சேர்க்க மறந்தால் அடுத்த ரீபூட்டில் அது பழையபடி ஆஃப் ஆகிவிடும். நான் ஒருமுறை மறந்திருக்கிறேன், அதுவும் தீபாவளி லீவுக்கு முதல் நாள்.