புத்திசாலி நாய் வாங்கப் போகிறீர்களா?

மூன்று மாதத்துக்கு முன் பத்து மாத வயதுள்ள, புத்திசாலி இனம் என்று பெயரெடுத்த பார்டர் கோலி நாய் ஒன்றை என் கிளினிக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணில் ஏதோ கோளாறு என்றார்கள். பார்த்தேன், கண் நன்றாகவே இருந்தது. அப்புறம் வீட்டில் எடுத்த வீடியோவைக் காட்டினார்கள். மின்விசிறியின் நிழல் தரையில் சுற்றச் சுற்ற, நாய் அதைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. சோற்றுத் தட்டை வைத்தாலும் திரும்பவில்லை. கணவன், மனைவி இருவரும் காலையில் வேலைக்குப் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறார்கள். குட்டியாக இருந்தபோது லேசர் விளக்கைச் சுவரில் அடித்து விளையாட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

நாய் மேல் தப்பில்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைக் குன்றுகளில் ஆடு மேய்க்க உருவான இனம் அது. 1893இல் நார்தம்பர்லாந்தில் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாயின் வம்சம்தான் இன்றுள்ள பார்டர் கோலிகளில் ஏறக்குறைய எல்லாமே. குரைக்காமல், உடலைத் தாழ்த்தி, கண் கொட்டாமல் முறைத்தே மந்தையை நகர்த்தும். அசைகிற எதையும் கவனித்து மடக்குவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. மூன்றாவது மாடி ஃபிளாட்டில் ஆட்டுக்கு எங்கே போகும்? நிழலைத் துரத்தும், வண்டியைத் துரத்தும், ஓடுகிற குழந்தையின் குதிகாலைக் கவ்வும். "பிள்ளையைக் கடிக்குது டாக்டர்" என்று வருபவர்களுக்கு இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன்.

அமெரிக்காவில் சேஸர் என்ற பார்டர் கோலி 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றது. அதைப் படித்து ஆசைப்படுபவர்கள் உண்டு. அதை வளர்த்த ஜான் பில்லி ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர். தினம் நான்கைந்து மணி நேரம் வீதம், மூன்று வருடம் சொல்லிக்கொடுத்தார்.

அதனால் ஆலோசனை கேட்டு வருபவர்களிடம் அவர்களுடைய வாரநாள் எப்படிப் போகிறது என்றுதான் முதலில் கேட்பேன். காலை ஐந்தரைக்கு எழுந்து கூட்டிப்போவது யார்? இரட்டை அடுக்கு முடி உள்ள நாயை சென்னை மே மாத வெயிலில் எட்டு மணிக்கு மேல் நடத்த முடியாது. நடை மட்டும் போதவும் போதாது, மூளைக்கும் தினம் வேலை வேண்டும். ஒளித்துவைத்த தீனியை மோப்பம் பிடித்துத் தேடுவது, புதுக் கட்டளை பழகுவது, இப்படி. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் இதைச் செய்ய ஆள் வேண்டும்.

அந்தத் தம்பதியிடம் லேசரை அடியோடு நிறுத்தச் சொன்னேன். காலையும் மாலையும் மோப்ப விளையாட்டு, பகலில் இரண்டு மணி நேரம் ஒரு பயிற்சியாளர். இப்போது நிழல் துரத்துவது பாதியாகக் குறைந்திருக்கிறது. முழுதாக நிற்கவில்லை. அந்த அம்மா வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டிருக்கிறார். கிடைக்காவிட்டால் ஊரில் தோப்பும் ஆடும் வைத்திருக்கும் சித்தப்பா வீட்டில் விடலாமா என்று நேற்று என்னிடம் கேட்டார். விடலாம் என்றேன்.